செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு மின் பேரேடு: அளவியில் தொடங்கி ஊர் சோலார் வரை முழுமையான வழிகாட்டி

பள்ளத்தூரில் எங்கள் வீடு வருடத்தில் பத்து மாதம் பூட்டித்தான் கிடக்கும். காவலுக்கு இருக்கும் அண்ணன் முகப்பில் படுத்துக்கொள்வார். அவருக்கு ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். வேறு செலவே இல்லை என்று பங்காளிகள் ஐந்து பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரீடிங் 300 யூனிட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஐந்தாகப் பிரித்தால் சின்னத் தொகை என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

மெயின் போர்டில் மின்சாரப் பயன்பாட்டை அளக்கும் ஓர் அளவியை மாட்டிய மூன்றாம் நாள் காரணம் தெரிந்துவிட்டது. மேல்தொட்டியின் மிதவை சுவிட்ச் கெட்டுப்போய், மோட்டார் தினமும் இரண்டரை மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கிறது. வழிந்த தண்ணீர் தென்னைக்குப் போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் இழுக்கும்; இரண்டு மாதத்துக்கு 150 யூனிட். வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் இருந்த பழைய ஃபிரிட்ஜ், உள்ளே இரண்டு பாட்டில் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு 90 யூனிட் எடுத்திருக்கிறது. இரண்டையும் சரிசெய்ததும் கணக்கு 100 யூனிட் இலவச வரம்புக்குள் வந்து நின்றது.

சோலார் போடலாமா, ஸ்மார்ட் ஹோம் செய்யலாமா என்று கேட்கிறவர்களிடம் அன்றிலிருந்து ஒன்றைத்தான் சொல்லிவருகிறேன். சாமான் வாங்கும் முன் பேரேடு போடுங்கள், அதாவது எது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கணக்கு எழுதுங்கள். பேரேடு இல்லாமல் ஐந்தொகை (கடையின் இறுதிக் கணக்கு) எடுக்க முடியாது என்பது பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய நம் ஐயாமாருக்குத் தெரியும். மின்சாரத்துக்கும் அதே கணக்குத்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன.

வீடு ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் வேலை

நம் பெரிய வீடுகளில் தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், வானம் பார்த்த வளவும் (நடு முற்றம்), சுண்ணாம்புப் பூச்சும், ஆத்தங்குடிக் கல் தரையும் சேர்ந்து ஒரு வேலை செய்கின்றன. பகல் வெயிலின் சூட்டைச் சுவர் மெல்ல வாங்கி, பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடுகிறது. சூடான காற்று மேலே எழுந்து வளவு வழியாக வெளியேறுகிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் இருக்கும் நிலைக்கதவுகள் வழியாகப் புதுக் காற்று வருகிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். ஆகவே அதைச் செய்வதற்கு ஆகும் எரிபொருளும் குறைவு. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்ததற்குக் கட்டட அழகோடு இந்தத் தட்பவெப்ப அறிவுக்கும் பங்கு உண்டு.

மழைத் தண்ணீருக்கும் குரங்குக்கும் பயந்து வளவின் மேல் ஃபைபர் ஷீட் போட்ட வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. சூடு வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, அறைக்கு அறை ஏ.சி. மாட்டுகிறோம். குரங்குதான் பிரச்சினை என்றால் கம்பி வலை போதும். ஷீட் கட்டாயம் வேண்டும் என்றால் சுற்றுச் சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையில் இரண்டடி உயரமாவது காற்றுப் போக இடம் விடுங்கள்.

படி 1: காகிதம்

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் அது ஐயா பெயரிலோ, அவருடைய அப்பா பெயரிலோதான் இருக்கும். சோலார் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது இங்கேதான் முட்டும். வாரிசுச் சான்றிதழ், பங்காளிகளின் சம்மதக் கடிதம், சொத்து வரி ரசீது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பெயர் மாற்றத்துக்குக் கொடுங்கள். எல்லோரும் ஊருக்கு வரும் ஒரு கல்யாணத்திலோ, முன்னோர் வழிபாடான படைப்பிலோ கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. எங்களுக்கு இதற்கு மட்டுமே ஏழு மாதம் ஆனது.

கூடவே அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட், ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்பதையும், கடைசி ஆறு ரீடிங்குகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேரேட்டின் முதல் பக்கம் அதுதான்.

படி 2: வயரிங்

இதைத் தள்ளிப்போடவே கூடாது. மரச்சட்டத்தில் ஓடும் பேட்டன் வயரிங், பீங்கான் ஃபியூஸ், எர்த் இல்லாத பிளக் என்று இருக்கும் வீட்டில் எந்த நவீனக் கருவியையும் மாட்டுவது ஆபத்து. மேலே பர்மாத் தேக்கு. ஒரு பொறி போதும்.

உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து இன்சுலேஷன் சோதனை செய்யுங்கள். எர்த் குழி ஈரமாக இருக்கிறதா, அதன் மின்தடை எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். மெயினுக்கு அடுத்து 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வேண்டும். மனித உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிக்குச் சர்ஜ் பாதுகாப்புக் கருவியும் வையுங்கள். அப்புறம் முகப்பு, வளவு அறைகள், இரண்டாங்கட்டு, மோட்டார், மாடி என்று சர்க்யூட்டுகளைப் பிரித்துவிடுங்கள். அடுத்த படியில் தனித்தனியாக அளக்க இது உதவும்.

அலங்கார வேலைப்பாடு உள்ள சுவரைக் குடைய வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சை ஒருமுறை வெட்டினால் அதே பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். தரையோரமாகவோ உத்தரத்தின் மேல்பக்கமாகவோ குழாய் ஓட்டினால் கண்ணுக்கும் தெரியாது.

படி 3: அளவி

செலவே இல்லாத வழியில் தொடங்கலாம். மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று மீட்டரின் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 16 மினுக்கல் வந்தால் மணிக்கு 960, அதை 3200ஆல் வகுத்தால் 0.3. அதாவது எல்லாம் அணைந்திருப்பதாக நினைக்கும் வீடு 300 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. வெறும் 100 வாட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 144 யூனிட் ஆகிவிடும். இலவச 100 யூனிட் அதிலேயே போய்விடும்.

அடுத்தது நிரந்தர அளவி. கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, வயரைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் சி.டி. கிளாம்ப். வயரை வெட்டத் தேவையில்லை. ஃபேஸ் வயரை மட்டும் கவ்வ வேண்டும், நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்ஜியம்தான் காட்டும். மூன்று ஃபேஸ் என்றால் மூன்று கிளாம்ப். இன்னொன்று, போர்டுக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் (டின் ரெயில்) பொருத்தும் மீட்டர், இது ஆர்.எஸ். 485 என்ற இரட்டை வயர் வழியாகக் கணக்கை அனுப்பும். பழைய வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். இரண்டடிச் சுவருக்குள் வைஃபை தடுமாறும், வயர் தடுமாறாது. எதுவானாலும் மின்வாரிய மீட்டரின் சீலைத் தொடாமல், அதற்குப் பிறகு வரும் உங்கள் மெயின் சுவிட்சைத் தாண்டித்தான் பொருத்த வேண்டும்.

பூட்டிய வீட்டில் பிராட்பேண்ட் இருக்காது. சிம் போட்ட சின்ன 4ஜி ரவுட்டர் போதும். ஒரு நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்றால் டேட்டா அதிகம் ஆகாது. கணக்கை எங்கே சேர்த்துவைப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும். கருவி விற்கும் நிறுவனத்தின் ஆப் வசதியானதுதான். ஆனால் அவர்கள் சர்வரை மூடினால் நம் கணக்கும் போய்விடும். கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கணக்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். முதல் அமைப்புக்கு ஒரு வார இறுதி போதும்.

இரண்டு ரீடிங் காலம், அதாவது நான்கு மாதம், எதையும் மாற்றாமல் எழுத விடுங்கள். அதில் பார்க்க வேண்டியவை மூன்று. இரவு 2 மணி முதல் 4 மணி வரை எவ்வளவு ஓடுகிறது? மோட்டார் ஒரு நாளில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஓடுகிறது? வீடு நிறைந்திருந்த நாட்களில் உச்சம் எத்தனை கிலோவாட்டைத் தொட்டது? மூன்றாவது கேள்வியின் விடை பின்னால் ஜெனரேட்டர், சோலார், பேட்டரி எல்லாவற்றின் அளவையும் தீர்மானிக்கும்.

500 யூனிட் எல்லைமேலும் ஒரு கண் வையுங்கள். இரண்டு மாதப் பயன்பாடு 500ஐத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளுக்கே குறைந்த விலை கிடைக்காமல் வேறு பட்டியலுக்குப் போய்விடும். 480இல் இருக்கும்போதே போனுக்குச் செய்தி வரும்படி வைத்துக்கொண்டால் கடைசி வாரத்தில் சுதாரிக்கலாம்.

படி 4: வெப்பமும் ஈரமும்

வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் காட்டும் சென்சார் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து வாங்குங்கள். வெளியே நிழலில் ஒன்று, முகப்பில் ஒன்று, வளவு ஓரத் தாழ்வாரத்தில் ஒன்று, இரண்டாங்கட்டு அறையில் ஒன்று, மாடி அறையில் ஒன்று. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் ஓடட்டும்.

எங்கள் வீட்டில் வெளியே 39 டிகிரி காட்டிய ஒரு மதியம் முகப்பில் 35, இரண்டாங்கட்டு அறையில் 32. மாடி அறையில் மட்டும் 38. அந்த மாடி அறையில்தான் விருந்தினருக்கு ஏ.சி. போட்டிருந்தோம்! விருந்தினர் அறையைக் கீழே மாற்றினோம்; அங்கே ஏ.சி.யே தேவைப்படவில்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, காலை 9 மணிக்கு மேல் மூடி வைத்தால் மறுநாள் மதியம் எவ்வளவு குறைகிறது என்பதையும் இந்தச் சென்சாரே காட்டிக்கொடுக்கும். ஆச்சிமார் இதைச் சென்சார் இல்லாமலே செய்தார்கள். வீட்டில் ஆள் இல்லாத காலத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று.

எத்தனை டிகிரி இருந்தால் மனிதருக்குச் சுகம் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் 2014இல் உருவாக்கிய இந்தியத் தகவமைப்பு மாதிரி இதைத்தான் காட்டியது: ஜன்னல் திறந்த கட்டடங்களில் வாழும் நம் மக்கள், வெளி வெப்பத்துக்கு ஏற்றபடி அதிகச் சூட்டையும் சுகமாகவே உணர்கிறார்கள். 2016 தேசியக் கட்டடக் கோட்பாட்டிலும் அது இடம்பெற்றது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். ஆகவே ஏ.சி.யை 18இல் வைக்க வேண்டியதில்லை; 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.

ஈரப்பதத்தைச் சிலர் கவனிப்பதே இல்லை. ஏ.சி. அறைக்காகச் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளே ஈரம் தங்கும். பூச்சு உப்பி உதிரும், தேக்கு நிலையில் பூஞ்சை வரும். ஒரு மூலையில் ஈரப்பதம் வாரக்கணக்கில் 75 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், அங்கே கூரை ஒழுகுகிறதா, குழாய் கசிகிறதா என்று ஏறிப் பாருங்கள். பூட்டிய வீட்டைக் காப்பாற்ற இதைவிட மலிவான காவல் இல்லை.

பங்கு பிரிந்த மனையில் புதுவீடு கட்டுகிறவர்களுக்கு: வீடுகளுக்கென 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். எனர்ஜிபிளஸ் என்ற இலவச மென்பொருளில் வீட்டை வரைந்து, வளவு வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன என்று கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

படி 5: சாமான்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். எட்டு ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட் மிச்சம். விளக்கெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், சரவிளக்கு, தொங்கு விளக்குகளுக்கு அதே திருகு அமைப்பில் மஞ்சள் ஒளி எல்.இ.டி. கிடைக்கிறது. காலியான ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வையுங்கள். தொட்டிக்கு நல்ல மிதவை சுவிட்சும், மோட்டாருக்கு ஒரு டைமரும் வேண்டும்.

படி 6: சோலார்

சூரியன் நம் பக்கம் தாராளம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்ததற்கு இந்த வெயில்தான் காரணம். நம் கூரையில் 1 கிலோவாட் போட்டால் ஆண்டுச் சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் வரும். ஐப்பசி, கார்த்திகையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும்.

எவ்வளவு போடுவது? பேரேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் ஓடும் பூட்டிய வீட்டுக்கு 5 கிலோவாட் போடுவது பணத்தைக் கூரையில் காயவைப்பது போலத்தான். நாம் பயன்படுத்தாமல் கிரிட்டுக்கு, அதாவது மின்வாரியக் கம்பிக்கு, போன யூனிட்டை நாம் பிறகு எடுத்த யூனிட்டோடு கழித்துக்கொள்வார்கள். கழித்தது போக மிஞ்சுவதற்குக் கிடைப்பது நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் பெரும்பாலும் போதும். நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் என்று மொத்தம் 78,000 ரூபாய் மானியம் உண்டு. 3 கிலோவாட்டுக்கு மேல் போட்டாலும் அதே 78,000தான். வீட்டு இணைப்புக்கு மட்டுமே இது. ஓட்டலாக மாற்றிய வீட்டுக்குக் கிடைக்காது. பேனல் இந்தியாவில் செய்த செல்லைக் கொண்டதாக இருக்க வேண்டும். திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்து இருவழி மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்ததும் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதி மாறியிருக்கிறது. மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் செட்டிநாட்டில் பெரிய கேள்வி. ஓட்டுக் கூரையில் வைக்கவே வேண்டாம். உறவினர் வீட்டில் ஒரு விற்பனையாளர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லி ஓட்டின் மேல் ஏற்றினார். ஆள் நடந்ததில் ஐம்பது அறுபது ஓடு உடைந்து, அந்த மழைக்காலம் முழுக்க வளவுத் தாழ்வாரம் ஒழுகியது. அந்தக் கால ஓடு இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை. சுண்ணாம்புக் காரையிட்ட மெட்ராஸ் ஒட்டுத் தளத்திலும் ஆணி இறக்கித் துளைக்கக் கூடாது. கான்கிரீட் கட்டைகளை எடையாக வைத்து நிறுத்தும் சட்டம் போடலாம். அந்த எடையை உத்தரம் தாங்குமா என்று கட்டடப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். என்னைக் கேட்டால் முதல் இடம் கொல்லைப்புறம்தான். தொழுவம், கார் கொட்டகை, துவைக்கும் இடம் இவற்றுக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டு வைத்தால் வீட்டுக்கும் சேதமில்லை, தெருவிலிருந்தும் தெரியாது. 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி போதும்.

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் பேனலைத் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்த்தால் சரி. மழைத் தண்ணீரும் தங்காமல் ஓடிவிடும். நிழலைக் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நீங்களே நின்று பாருங்கள். தென்னை ஓலை மட்டுமல்ல, முகப்பு உச்சியில் நிற்கும் கஜலட்சுமி சுதையின் நிழலும் ஒரு பேனலின் மேல் விழுந்தால் வரிசை முழுவதும் குறையும். நிழலைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சின்னக் கருவியான மைக்ரோ இன்வெர்ட்டரைப் பேனலுக்கு ஒன்றாக வைப்பது நல்லது.

ஒரு விஷயத்தைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். சாதாரண கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைக் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் வேண்டும் என்றால் பேட்டரியும், பேனல், பேட்டரி, கிரிட் மூன்றையும் சேர்த்து நடத்தும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் வேண்டும்.

இன்வெர்ட்டர் ஆப்பில் தினசரி உற்பத்தி தெரியும். நல்ல வெயில் நாளில் 12 வந்த இடத்தில் ஒரு வாரமாக 9 வந்தால் பேனலில் தூசி படிந்திருக்கிறது என்று அர்த்தம். விடிகாலையில், பேனல் சூடாகும் முன், வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.

படி 7: பேட்டரி

காரைக்குடிக்காரர்களுக்குப் பேட்டரி அந்நியமல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சி இன்றைக்கும் அங்கே முக்கியமான வேலை.

வீட்டுக்கு லெட் ஆசிட் வாங்குவதா, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குவதா? லெட் ஆசிட் முதலில் மலிவு. ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும், தண்ணீர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். பெட்டக அறை மாதிரி காற்றில்லாத இடத்தில் அதை வைக்கவே கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை 80, 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான சுற்று தாங்கும், பராமரிப்பும் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு இதுவே பொருத்தம். எதுவானாலும் தேக்குத் தூணையும் பழைய காகிதங்களையும் விட்டுத் தள்ளி, கொல்லைப்புறக் கட்டில் வையுங்கள்.

படி 8: தானாக இயங்கும் ஏற்பாடும், பூட்டின் பாதுகாப்பும்

பேரேடு எதைக் காட்டியதோ அதை மட்டும் தானியங்கியாக்குங்கள். மோட்டார் பகல் 11 மணிக்குச் சோலாரில் ஓடட்டும். வெந்நீர் ஹீட்டரும் மின்சார ஸ்கூட்டர் சார்ஜும் மதியத்துக்கு மாறட்டும். ஹீட்டருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்தான். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் உருகிவிடும். கைக்கு எட்டும் சாதாரண சுவிட்சும் கட்டாயம் இருக்கட்டும். ஆப் இல்லாமல் ஆச்சிக்கு விளக்குப் போட முடியாத வீடு நல்ல வீடல்ல.

இங்கே நான் மிகவும் கவலைப்படும் விஷயம் ஒன்று இருக்கிறது. மின் கணக்கைப் பார்த்தாலே வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். தேக்குத் தூணும் தஞ்சாவூர்ப் படமும் பித்தளைச் சாமானும் உள்ள ஒரு பூட்டிய வீட்டின் மின் பயன்பாட்டு வரைபடம் நூறு பேர் உள்ள வாட்ஸாப் குழுவில் சுற்றுவது திருடனுக்குச் சாவி கொடுப்பதுதான். கருவியோடு வரும் பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். சென்சார்களுக்குத் தனி வைஃபை வையுங்கள். கணக்கைப் பார்க்கும் உரிமை பங்காளிகளுக்கும் காவலாளுக்கும் மட்டும் இருக்கட்டும். வேலைக்கு வந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமையை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

படி 9: ஊர்

தனி வீட்டில் கற்றதை ஊருக்குக் கொண்டுபோகும்போதுதான் இதன் முழுப் பலன் தெரியும். ஊருணி வெட்டியதும் கோயில் கட்டியதும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி போட்டுத்தானே? அந்தக் கட்டுக்கோப்பு இன்னும் இருக்கிறது.

பத்து, பதினைந்து வீடு சேர்ந்தால் தொடங்கலாம். வீட்டுப் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, இரண்டு மாத யூனிட்டை ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே அளவு வீட்டில் ஒன்று 200, ஒன்று 700 என்று வந்தால் பேச்சு தானாகத் தொடங்கும். சேர்ந்து வாங்கினால் ஃபேனுக்கும் பேனலுக்கும் விலை குறையும். அதைவிட முக்கியம், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு பராமரிப்பு ஆள். உள்ளூர் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுத்தால் கழுவுவதும் பார்ப்பதும் அவர்களே செய்துவிடுவார்கள். வெளியூர் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பொது இடங்களை முதலில் எடுங்கள். மண்டபம், பள்ளி, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி மோட்டார். தெருவிளக்குக்கு ஊராட்சியோடு பேசி, சூரியன் மறையும் நேரத்துக்கு ஏற்ப மாறும் டைமர் போட்டாலே பகலில் எரிவது நின்றுவிடும். தொட்டிக்கு வைஃபை எட்டாத தூரம் என்றால் லோரா என்ற ரேடியோ முறை உண்டு. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம், தடையில்லாத வெளியில் சில கிலோமீட்டர் போகும், பேட்டரியும் வருடக்கணக்கில் வரும். ஒரே கோபுரத்தில் ஒரு கருவி வைத்தால் ஊர் முழுக்கத் தொட்டி மட்டம், ஊருணி மட்டம் எல்லாம் தெரியும்.

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் எடுக்கும்போது பேரேடு இன்னொரு தடவை பணம் மிச்சப்படுத்தும். ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் வரும். தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரைக் குறைந்த சுமையில் ஓட்டினால் அதுவும் வராது. போன விசேஷத்தில் உச்சம் 14 கிலோவாட் என்று கையில் கணக்கு இருந்தால் 60 கிலோவாட் வண்டியை ஏன் வரவழைக்கப் போகிறோம்?

வீட்டுக்கு வீடு வயர் இழுத்து மின்சாரம் விற்க முடியாது. 2003 மின்சாரச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். டெல்லியில் 2019இலிருந்து ஒரே இடத்து சோலாரின் யூனிட்டைப் பல வீட்டுக் கணக்கில் பிரித்துக் கழிக்கும் முறை இருக்கிறது. இடம் உள்ள வீட்டில் பேனல், இடம் இல்லாத வீட்டுக்குப் பங்கு என்ற இந்த ஏற்பாடு, பங்கு வீட்டுக் கணக்குப் பழகிய நமக்கு அப்படியே பொருந்தும். இங்கேயும் அது பரவலாக வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் ஊர்ச் சங்கங்கள் எழுதிக் கேட்க வேண்டும். ஊர் முழுக்க நிறைய சோலார் வருவதாக இருந்தால், உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு தாங்கும் என்று பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

முன்மாதிரிகள் இருக்கின்றன. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. குஜராத்தில் பழைய சூரியன் கோயிலுக்குப் பேர்போன மொதேரா, 1300க்கும் மேற்பட்ட வீட்டுக் கூரை சோலாரும், 6 மெகாவாட் தரை சோலாரும், 15 மெகாவாட் மணி பேட்டரியும் சேர்த்து 2022 அக்டோபரில் இருபத்துநாலு மணி நேர சூரிய ஊராக அறிவிக்கப்பட்டது. பாரம்பரிய ஊர் என்பதும் புது மின்சாரம் என்பதும் அங்கே ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கவில்லை. பிஎம் சூர்ய கர் திட்டத்திலேயே மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் என்று 1 கோடி ரூபாய் பரிசு உண்டு. 5000 பேருக்கு மேல் உள்ள ஊர் போட்டியிடலாம். குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் இருக்கிறது.

மெயின் போர்டு பக்கத்தில் ஒட்ட வேண்டிய தாள்

இதெல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. காவலாளுக்குப் புரியும்படி, பெரிய எழுத்தில், தமிழில் ஒரு தாள் எழுதி லேமினேட் செய்து மெயின் போர்டு பக்கத்தில் தொங்கவிடுங்கள். எந்த சுவிட்ச் எந்தக் கட்டுக்கு, இடி இடித்தால் எதை அணைக்க வேண்டும், ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஒருமுறைக்கு மேல் தூக்கிவிடக் கூடாது என்பது, புகை வந்தால் சோலாரின் எந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும், எலெக்ட்ரீஷியன் எண், பங்காளிகளில் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும். கடைசி வரியில் பேனல் கழுவும் தேதிகளுக்கு இடம் விட்டு, நூல் கட்டிய ஒரு பென்சிலையும் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டு அண்ணன் கழுவிய தேதியோடு, அன்றைக்குத் தொட்டி எத்தனை மணிக்கு நிறைந்தது என்பதையும் தானாகவே எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறார்.